மலைப்படத்துக்குத் துண்டுக்குள் பேசிய விலை

துண்டுக்குள் கை விட்டு எதிராளியின் ஒற்றை விரலைப் பிடித்தால் போதும், அவன் காலையில் தின்றது இட்லியா தோசையா, தோசை என்றால் எத்தனை, தொட்டுக்கொண்டது தேங்காய்ச் சட்னியா காரச் சட்னியா, பரிமாறும்போது அவன் பெண்டாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாளா என்பது வரைக்கும் வேலுச்சாமி சொல்லிவிடுவார். இது போடிநாயக்கனூருக்கே தெரிந்த விஷயம் என்று வேலுச்சாமியே சொல்வார். ஒரு தடவை கடைத்தெருவில் அவர் பெருவிரலை அழுத்திய அழுத்தலில் மதுரை வரைக்கும் ஏலக்காய் விலை எகிறி, அந்த மாதம் முழுக்க அந்த ஊர்க் கல்யாணங்களில் பாயசம் மணக்கவே இல்லை என்றும், மாப்பிள்ளை வீட்டார் சண்டை போட்டு நாலு கல்யாணம் நின்றுபோனது என்றும் சொல்வார். கேட்கிற ஆள் புதுசாக இருந்தால் நாலு ஏழாகும்.

கம்ப்யூட்டரில் ஏலம் வருவதற்கு முன்னால் அவர் ஏலக்காய்த் தரகர். அப்போதெல்லாம் கடைத்தெருவில் பேரம் வாயால் நடக்காது. ஈரிழைத் துண்டை மேலே போட்டுக்கொண்டு, உள்ளே கையைப் பிடித்து விரலால் பேசுவார்கள். சுற்றி நிற்கிற மற்ற வியாபாரிகளுக்கு விலை தெரிந்துவிடக் கூடாது அல்லவா? எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அத்தனை. நூறா ஆயிரமா என்று யாரும் கேட்பதில்லை. சரக்கைப் பார்த்தே இருவருக்கும் தெரியும். எந்தச் சரக்கு என்றும் கேட்பதில்லை. வாங்குகிறவன் கண்ணுக்கு முன்னால் திறந்து கிடக்கிற மூட்டைதான் சரக்கு. ஒத்துக்கொண்டால் உள்ளங்கையில் ஒரு தட்டு. தட்டிவிட்டால் வாங்குகிறவன் அச்சாரம் வைப்பான். அப்புறம் அந்தப் பேச்சு பேச்சுதான்.

வேலுச்சாமியின் கதைகளைக் கேட்டு ஊரில் எல்லோரும் நம்புகிற மாதிரி தலையையாவது ஆட்டிவிட்டுப் போவார்கள். அதைக்கூடச் செய்யாத ஒரே ஆள் பக்கீர் முகம்மது. அந்தக் காலத்தில் துண்டின் மறுபக்கத்தில் நின்ற வியாபாரி. இப்போது பழைய நாற்காலி, பித்தளைச் சாமான், கடிகாரம் எல்லாம் வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறார். “மாப்ளே, ஒங்க வாயில இருந்து வர்றதுல ‘வாங்க, ஒக்காருங்க’ மட்டுந்தான் நெசம்” என்பார். மனைவி சூர்யகலா நம்புகிறாளா இல்லையா என்று வேலுச்சாமி கேட்டுக்கொண்டதில்லை. ஆனால் எந்தப் புளுகையும் பாதியில் எழுந்து போகாமல் கேட்டு முடிக்கிற ஆள் இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான். மகள் திருப்பூரில் இருக்கிறாள். வீட்டில் இவர் பேசுவார், அவள் கேட்பாள். அதுதான் குடும்பம்.

சித்திரை மாதம், வெயிலில் காக்கைகூட நிழலைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற ஒரு நாளில், குரங்கணியிலிருந்து ஜீப்பு ஓட்டுகிற சின்ராசு சாக்கில் சுற்றிய ஒரு படத்தை இறக்கினான். வேலுச்சாமியின் தாய்மாமா கன்னையன் போன மாதம் இறந்துபோயிருந்தார். குரங்கணிக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்தவர். அங்கிருந்த வெள்ளைக்காரத் துரை பங்களாவைக் காலி செய்தபோது கொடுத்துவிட்டுப் போன படம் அது.

“பெருசு கண்ண மூடுறதுக்கு முன்னாடி தெளிவாச் சொல்லிருச்சுண்ணே” என்றான் சின்ராசு. “பேரம் பேசத் தெரிஞ்ச பய அவன் ஒருத்தன்தான், படத்த அவங்கிட்டயே குடுன்னு. அப்புறம், அது சொவத்தப் பாத்தே இருக்கட்டும்னும் சொல்லுச்சு.”

“சொவத்தப் பாத்து மாட்டுனா, மாட்டுறதே எதுக்குடா?”

“என்னயக் கேட்டா? அவுக வீட்டுல இம்புட்டு வருசமும் அப்பிடித்தான் கெடந்துச்சு. லோடு கெடக்குண்ணே, வர்றேன்.”

டீ குடிக்காமல் போனான். டீ என்றால் ஜீப்பை ஆற்றுக்குள்ளேயே நிறுத்துகிறவன்.

மாமா சொன்னதில் முதல் பாதியை வேலுச்சாமி தெரு முழுக்கச் சொல்லி முடித்தார். இரண்டாம் பாதியை அங்கேயே விட்டுவிட்டார். படத்தை முகம் தெரிகிற மாதிரி முன்னறையில், நெஞ்சு உயர அலமாரியின் மேல் சுவரோடு சாய்த்து வைத்தார். எதிரே மின்விசிறிக்குக் கீழே சூர்யகலாவின் நாற்காலி.

செப்புத் தகட்டில் கோடு கோடாகக் கீறி, மை தடவி, கெட்டிக் காகிதத்தில் அழுத்தி எடுத்த படம். குரங்கணிக்கு மேலே போகிற மலைச்சரிவு. ஒவ்வொரு புல்லுக்கும் ஒரு கீறல். சோலைக்காட்டின் இருட்டைக் கோட்டின் மேல் கோடாக இழுத்து இழுத்துக் கறுப்பாக்கியிருந்தான் அந்த வெள்ளைக்காரன். மேகத்துக்கு மட்டும் மை இல்லை. வெறும் காகிதத்தை அப்படியே விட்டிருந்தான். படத்தின் கீழ் விளிம்பில், பார்க்கிறவனின் கால் கட்டைவிரலுக்கு முன்னாலேயே தொடங்குகிற மாதிரி ஓர் ஒற்றையடிப் பாதை ஏறி மேகத்துக்குள் போனது. ஆள் கிடையாது, மாடு கிடையாது, ஒரு பறவைகூடக் கிடையாது.

மறுநாள் கண்ணாடி வேர்த்திருந்தது. வேலுச்சாமி துண்டால் துடைத்தார். போகவில்லை. வேர்வை உள்பக்கம் இருந்தது.

அதற்கு அடுத்த நாள் வாசம் வந்தது. மழை பெய்து ஓய்ந்த ஏலத்தோட்டத்துக்குள் நுழைந்தால் வருமே, அழுகின இலையும் பாசியும் பச்சைத் தண்டும் கலந்த ஈரவாடை, அது. வெளியே தார் ரோடு உருகிக்கொண்டிருந்தது. உள்ளே அலமாரிக்குப் பின்னால் எங்கேயோ, விட்டு விட்டு, இலையிலிருந்து இலைக்குச் சொட்டுகிற சத்தம். குழாய் ஒழுகுகிறது என்று வேலுச்சாமி நினைத்தார். அந்தச் சுவரில் குழாயே இல்லை என்பது சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதுதான் நினைவுக்கு வந்தது. கழுவின கையைத் துடைக்காமல் கொஞ்ச நேரம் நின்றார்.

அன்று மாலை சூர்யகலா நாற்காலியிலிருந்து எழுந்தபோது கணுக்காலில் ரத்தம் வழிந்தது. காலடியில் கொழுத்துப்போய் உருண்டு கிடந்தது ஓர் அட்டை.

“ஏங்க, போடியில ஏது அட்டப் பூச்சி? அதுவும் சித்திரையில?”

“படத்தச் சுத்திவந்த சாக்குல ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். நான் ஒருக்கா மேல ஏறிட்டு வந்தப்ப என் ஒடம்புல முந்நூறு அட்ட. முந்நூறும் குடிச்சு முடிச்சிட்டு, ‘தாங்ஸ்’னு சொல்லிட்டுத்தான் எறங்குச்சுக.”

அவள் சிரிக்கவில்லை. உப்பை அள்ளி அதன் மேல் போட்டாள். “அத வெரசா வித்துத் தொலைங்க. நான் அங்கன ஒக்காந்தா, யாரோ எதுத்த வீட்டுச் சன்னல்ல நின்னு பாக்குற மாதிரியே இருக்கு.”

அதனால்தான் பக்கீர் முகம்மதுவுக்கு ஆள் போனது.

மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரத்தில் அவர் வந்தார். பூதக்கண்ணாடியை வைத்துப் படத்தின் நாலு மூலையையும் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடியை ஊதினார்.

“நல்ல சாமான் மாப்ளே. மூணாறு ரிசார்ட்டுக்காரங்க பாத்தா கொத்திக்கிட்டுப் போயிருவாங்க.”

“அப்ப வெலையச் சொல்லு மச்சான்.”

“ஒங்ககிட்ட வாயால வெல சொன்னா ஒங்க பரம்பரைக்கே இழுக்காச்சே. எடுங்க துண்ட.”

வேலுச்சாமிக்கு வயது பாதியாகக் குறைந்தது. பதினெட்டு வருஷமாகச் சோறு மட்டுமே பிசைந்துகொண்டிருந்த கை! புதுத் துண்டை எடுத்து உதறினார். “ரெண்டு கெழடும் ஆரம்பிச்சிருச்சா?” என்றபடி சூர்யகலா பக்கீருக்கு டீயைக் கொடுத்துவிட்டு, முறத்தில் அரிசியோடு தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அலமாரிக்கு முன்னால் நின்று வேலுச்சாமி வலது கையை நீட்டினார், மேலே துண்டைப் போட்டார். துண்டின் மறுநுனி படத்தின் சட்டத்தில் தொட்டுத் தொங்கியது. வழக்கப்படி கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைப் பார்த்து விலையைப் படித்துவிடுகிற கள்ளன்கள் உண்டு. அதற்காக ஏற்பட்ட பழக்கம்.

எங்கேயோ ஒரு போன் அடித்தது. நின்றது. அரிசி முறத்தில் ஏறி இறங்கும் சத்தம். மின்விசிறியின் கிறீச்.

துண்டுக்குள் ஒரு கை வந்தது.

டீ கிளாஸைப் பிடித்த கை இப்படிக் குளிருமா என்று ஒரு கணம் தோன்றியது. நனைந்த கை. விரல் நுனிகள் காய்ப்பேறி, நகங்கள் உடைந்து, அடியில் மண் ஏறி. கடிகாரம் முடுக்குகிற கை இல்லை, பித்தளை தேய்க்கிற கை இல்லை. குனிந்து குனிந்து செடியின் தூரில் காய் எடுக்கிற கை. பக்கீருக்கு எப்போது இப்படி ஆனது என்று வேலுச்சாமி நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகத் தடவியது. அவசரமே இல்லாமல். குருடர்கள் முகத்தைத் தடவுகிற மாதிரி. பிறகு ஆள்காட்டி விரலை மட்டும் பிடித்து அழுத்தியது.

ஒன்று.

இந்தச் சரக்குக்கு ஒன்று என்றால் லட்சம்தானே? எதிராளி மனசு மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்கிற பழைய வெறி உச்சந்தலைக்கு ஏறியது. சட்டென்று உள்ளங்கையில் தட்டினார். அந்தக் கை ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு அவருடைய உள்ளங்கையில் எதையோ வைத்து, விரல்களை மடக்கி மூடியது. மெதுவாக. சின்னப் பிள்ளை கையில் மிட்டாயை வைத்து மூடுகிற மாதிரி. போய்விட்டது.

“முடிஞ்சு போச்சு மச்சான்!” என்று கத்தினார்.

“யாருகூட?” என்றார் பக்கீர்.

குரல் வாசலிலிருந்து வந்தது.

வேலுச்சாமி கண்ணைத் திறந்தார். வாசல் நிலையில் சாய்ந்தபடி பக்கீர் நின்றிருந்தார். ஒரு கையில் காதோடு போன். மறுகையில் டீ கிளாஸ். நாற்காலியில் சூர்யகலா குனிந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். துண்டின் மறுநுனி படத்தின் கண்ணாடியில் ஈரமாக ஒட்டியிருந்தது.

கையை விரித்தார். ஓர் ஏலக்காய். பச்சைக் காய். காம்பு கிள்ளின இடத்தில் இன்னும் சாறு. மேலே பனித்துளி.

அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுப் பக்கீர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அப்ப என் அவசியமே இல்ல. யாவாரத்த அதுகூடவே முடிச்சுக்கங்க.”

“மச்சான், சித்திரையில ஏது பச்சக் காயி? மேல செடியெல்லாம் காஞ்சு நிக்குது.”

“ஒங்க வாயில தண்ணி ஊத்தி வளத்திருப்பீக.” செருப்பை மாட்டிக்கொண்டார். “சாயங்காலம் அசர் தொழுதுட்டு லோடு ஆட்டோ கொண்டாறேன். அதுக்குள்ள இன்னும் நாலு கைய வரவழச்சு வைங்க, படத்தத் தூக்க ஆள் வேணும்.”

அவர் போன பிறகு வேலுச்சாமி காயை ஒரு சின்னத் தட்டில் வைத்து அலமாரியின் ஓரத்தில் வைத்தார். திண்டில் சாய்ந்து உட்கார்ந்தார். கையை வேட்டியில் துடைத்தார். மறுபடி துடைத்தார். வாழ்நாள் முழுக்க நடக்காததையெல்லாம் நடந்ததாகச் சொன்ன மனுஷனுக்கு, நடந்த ஒன்றைச் சொன்னபோது கிடைத்தது பக்கீரின் சிரிப்புதான். சரி, போகட்டும். பேரம் என்னவோ நல்ல பேரம். விற்றது படம். விலை ஒன்று. அந்த ஒன்று, அச்சாரமாகத் தட்டில் கிடக்கிறது. ஒரு காய்க்கு ஒரு படமா? எந்த மடையன் அப்படி…

அங்கேயே நின்றது நினைப்பு.

படத்தை யார் வாங்குவான்? அதற்குள்ளிருந்தே கை நீட்டுகிறவன் அந்தப் படத்தை எதற்கு வாங்கப்போகிறான்?

வாங்குகிறவன் கண்ணுக்கு முன்னால் இருப்பதுதான் சரக்கு.

படத்தைப் பார்த்தார். பிறகு, அது எதைப் பார்க்கிறது என்று பார்த்தார். மின்விசிறி. முறம். நாற்காலி. கல் பொறுக்குவதற்காகக் குனிந்த தலையும் அதன் நரையும் சற்று முன்வரை இருந்த இடம். ஒன்று.

மாமா கன்னையனின் மனைவி அன்னக்கொடி காய் எடுக்கப் போனவள் திரும்பி வரவே இல்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது. வேலுச்சாமி அப்போது சின்னப் பையன். காட்டெருமை அடித்திருக்கும் என்றார்கள். சேலைத் துணிகூடக் கிடைக்கவில்லை. அதற்கப்புறம் மாமா இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை, மலையை விட்டு இறங்கவில்லை, படத்தை விற்கவும் இல்லை. சுவரைப் பார்த்து வைத்திருந்தார். சுவரை மட்டும் பார்க்கிற கண்ணுக்கு வாங்க என்ன இருக்கிறது?

பயப்படாதே, தரகன் நீ. சரக்கு கைமாறும் முன்னால் அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்தால் பேச்சு முறியும். எந்தக் கடைத்தெருவிலும் அதுதான் நியாயம். எழுந்தார். தட்டு காலி.

“சூர்யா! இங்கன இருந்த காயி எங்க?”

அடுக்களையிலிருந்து நிதானமாகப் பதில் வந்தது. “தட்டி டீயில போட்டுட்டேன். பச்சக் காய் வாசம், வீடே மணக்குது பாருங்க. ஒங்களுக்கும் வச்சிருக்கேன்.”

ஓடினார். அவள் கிளாஸ் காலி.

போடியில் தட்டில் கிடக்கிற ஏலக்காயை எந்தப் பெண் டீயில் போடாமல் விடுவாள்?

“செருப்ப மாட்டு.”

“எதுக்குங்குறேன்?”

“பக்கீரு வீட்டுக்குப் போ. அவன் பொண்டாட்டி ரஹ்மத்துன்னிசாகிட்டப் போய் ஒக்காந்திரு. நான் வந்து கூப்புடுற வரைக்கும் வராத.”

“இந்த வேகாத வெயில்லயா? ஒங்க புளுகுக்கு நான் ரோட்டுல அலையணுமா?” சிரித்தாள். அவருடைய முகத்தைப் பார்த்துச் சிரிப்பு குறைந்தது. அவர் சொன்னார். ஒரு சொல்கூடக் கூட்டாமல் சொன்னார். அப்படி அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. பாதியில் எழுந்து போகாமல், நின்று, கேட்டு முடித்தாள்.

“ஏங்க” என்றாள் மெல்ல. “ரொம்பக் குளுருதுல்ல?”

அவள் வாயிலிருந்து புகை மாதிரி மூச்சு வந்தது. அவர் வாயிலிருந்து வரவில்லை.

கையைப் பிடித்து இழுத்தார். முன்னறை வரைக்கும் வந்தாள். தெருக்கதவு திறந்தே கிடந்தது, வெளியே வெள்ளை வெயில், யாரோ ஐஸ் விற்கிற மணி. ஆறேழு எட்டு வைத்தால் வாசல்.

“இருங்க, அடுப்ப அமத்தாம வந்துட்டேன்.”

“அது கெடக்கட்டும்!”

“பால் பொங்கிரும்ங்க” என்று கையை உருவிக்கொண்டு திரும்பிப் போனாள்.

அந்த இடைவெளியில் என்ன செய்யலாம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அலமாரிக்குத் தாவினார். கண்ணைத் திருப்பிவிட்டால் போதும். சரக்கே கண்ணுக்குப் படாது. மாமா செய்தது அதைத்தானே? சட்டத்தைப் பிடித்தார். கிணற்றுக் கல் மாதிரி சில்லென்று இருந்தது. தூக்கினார். வரவில்லை. நீர் நிரம்பின குடத்தை ஒற்றைக் கையால் தூக்குகிற கனம். பல்லைக் கடித்தார். இலைகள் அசைகிற சத்தம் காதருகில். சொட்டு. சொட்டு. முதுகுக்குப் பின்னால் ஈரக்காற்று ஒன்று கடந்துபோனது. திரும்பவில்லை. திரும்ப நேரமில்லை. ஒரே மூச்சில் புரட்டி, படத்தின் முகத்தைச் சுவரில் அறைந்தார்.

சொட்டும் சத்தம் நின்றது.

மின்விசிறி மட்டும். கிறீச். கிறீச்.

முடிந்தது. சிரிப்பு வந்தது அவருக்கு. செத்தவர்களோடு பேரம் பேசி ஜெயித்த ஒரே தரகன்! பக்கீர் வரட்டும்.

“சூர்யா, இனிமே பயமில்ல. டீயக் கொண்டா.”

அடுக்களைப் பக்கம் நடந்தார்.

“சூர்யா?”

அடுக்களையில் அடுப்பு அணைந்திருந்தது. பால் பொங்கவில்லை. அவருடைய டீ மூடி வைத்தபடி இருந்தது. கொல்லைக் கதவு உள்ளே தாழ் போட்டபடி. ஈரமான பாதத் தடங்கள் அடுக்களையிலிருந்து புறப்பட்டு முன்னறைக்குப் போயிருந்தன. போகிற தடம் மட்டும். அவர் நின்ற இடத்துக்குப் பின்னால். அவருக்குப் பக்கத்தில். அலமாரியின் அடியில் கடைசித் தடம், விரல்கள் மட்டும் பதிந்து, எட்டிக் கால் வைக்கிறவளுடையது போல.

தடங்களின் ஓரமெல்லாம் அட்டைகள். நூல் மாதிரி மெலிந்த அட்டைகள், வாலில் நின்று, தலையை ஆட்டிக்கொண்டு.

படத்தைத் திருப்பினார். இப்போது அது வெறும் காகிதம் மாதிரி லேசாக வந்தது.

பாதையில் யாரும் இல்லை. பார்த்தார், பார்த்தார், கண்ணாடியில் மூக்கு இடிக்கப் பார்த்தார். ஆள் இல்லை. ஆனால் பாதை ஓரத்துக் கீறல்கள் சாய்ந்திருந்தன. கீழ் விளிம்பிலிருந்து மேகம் வரைக்கும், புல் மிதிபட்டுக் கிடந்தது.

அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. துண்டை எடுத்துப் படத்தின் மேல் போட்டார்.

பக்கீர் வந்தபோது வேலுச்சாமி தரையில் உட்கார்ந்திருந்தார்.

“என்ன மாப்ளே, தங்கச்சி எங்க? ஒரு டீ கெடைக்குமா?”

“உள்ள போயிட்டா.”

“அடுக்களையிலயா?”

வேலுச்சாமி துண்டைக் காட்டினார்.

பக்கீர் துண்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார். “இம்புட்டு நாளு வாயால மட்டுந்தான் புளுகுனீக. இப்ப மொகத்தாலயும் புளுகக் கத்துக்கிட்டீக. தங்கச்சி! ஏ தங்கச்சி! வெளிய வாம்மா, கூத்து நல்லாருக்கு.” அடுக்களையை எட்டிப் பார்த்தார். கொல்லைக் கதவைத் திறந்து பார்த்தார். “காளியம்மன் கோயிலுக்குப் போயிருக்கும்.”

“செருப்பு வாசல்ல கெடக்கு மச்சான்.”

“கோயிலுக்கு வெறுங்காலோடதான போவாக.” ஆனாலும் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “எந்திரிங்க, பச்சப்புள்ள மாதிரி. மொதல்ல இந்தச் சனியனத் தூக்கி ஆட்டோவுல போடுவோம். அப்புறம் தங்கச்சியத் தேடுவோம். ஆட்டோக்காரன் கத்துறான்.”

“தொடாத மச்சான்.”

“சும்மா இருங்க.”

படத்தைப் பிடித்துத் தூக்குவதற்காகப் பக்கீர் துண்டுக்கு அடியில் வலது கையை விட்டார்.

அப்படியே நின்றார்.

உதட்டில் சிரிப்பு இருந்தபடியே இருந்தது. அதை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார். கண்கள் மட்டும் மெல்ல மெல்லப் பெரிதாயின. வெளியே ஆட்டோவின் ஹாரன் அடித்தது. துண்டு முழங்கை வரைக்கும் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே அலமாரியின் பலகை, பின்னால் படம், அதற்கும் பின்னால் சுவர். ஒரு முழங்கை நீளத்துக்கு அங்கே இடமே கிடையாது.

“மாப்ளே…”

“சொல்லு.”

“வளையல் கெடக்கு.” பக்கீரின் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. “கண்ணாடி வளையல். யா அல்லா, தங்கச்சி கையி மாப்ளே. இப்பிடியா நான் அதத் தொடணும்…” கையை இழுத்தார். வரவில்லை. “விட மாட்டேங்குது. இல்ல. அது விடத்தான் பாக்குது. அது கைக்கு மேல இன்னொரு கை இருக்கு. ஈரமா. அந்தக் கை இதப் புடிச்சு, இதோட விரல மடக்கி மடக்கி, பேச வைக்குது.”

வேலுச்சாமி எழுந்துவிட்டார். “சூர்யா!” துண்டை நோக்கிக் கத்தினார். “திருப்பிக் குடுக்கச் சொல்லு மச்சான். என்ன கேக்குதுன்னு கேளு. என்ன வேணாலும்.”

பக்கீர் கண்ணை மூடினார். பழைய கடைத்தெருவில் மூடுகிற மாதிரி. துண்டு அசைந்தது. ஒரு மடிப்பு எழுந்தது, அடங்கியது. மறுபடி எழுந்தது.

“ரெண்டு” என்றார்.

ரெண்டு என்ன என்று யாரும் கேட்கவில்லை. அந்த அறையில் இருந்ததே ரெண்டு பேர்தான்.

துண்டு அங்குலம் அங்குலமாகப் படத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. பக்கீரின் தோள் அலமாரியில் இடித்தது. கன்னம் சட்டத்தில் அழுந்தியது. அவருடைய மூச்சு புகையாக வந்தது. வேலுச்சாமி அவருடைய இடது கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, காலைச் சுவரில் ஊன்றி, விடாமல் நின்றார். அவருடைய வாயிலிருந்தும் இப்போது புகை வந்தது.

“மாப்ளே” என்றார் பக்கீர் முகம்மது, கண்ணைத் திறக்காமல், மிக மெல்ல. “நீங்க சொன்னது நெசந்தான்.”